நாறாத நகரம்

சென்னைக்கு மூச்சு முட்டுகிறது என்பதை அதன் பெரிய மனிதர்கள் கண்டுபிடித்தது, மார்கழியில் விமானங்கள் தாமதமாகத் தொடங்கிய பிறகுதான். அதற்கு முன்பு பல வருடங்களாக வடசென்னை இருமிக்கொண்டுதான் இருந்தது. அந்த இருமல் யார் காதிலும் விழவில்லை. துபாய் விமானம் பனிமூட்டத்தில் ஓடுபாதையிலேயே காத்துக் கிடந்ததும் அரசு விழித்துக்கொண்டது. நகரக் காற்று ஆணையம் என்று ஒன்று பிறந்தது. தயாபரன் என்ற அதிகாரி அதற்கு ஆணையராக வந்தார்.

தயாபரன் கெட்டவர் அல்ல. கெட்டவராக இருப்பதற்குக் கொஞ்சமாவது யோசிக்க வேண்டும். அவர் அந்தச் சிரமத்தை எடுத்துக்கொண்டதில்லை. முக்கியச் சந்திகளில் காற்றின் தூசியளவைக் காட்டும் மின்பலகைகள் இருந்தன. எண் ஏறினால் பலகை சிவப்பாகும், இறங்கினால் பச்சையாகும். அதைப் பச்சையாக்குவதுதான் தன் வேலை என்று அவர் மனப்பூர்வமாக நம்பினார். மக்களின் நுரையீரல் அவருடைய துறையில் வரவில்லை.

அவர் கூப்பிட்டு அனுப்பிய ஆள் ரோஸ்லின் பாக்கியநாதன். நாகர்கோவில்காரி, காற்றின் வேதியியலைப் படித்தவள். பல்கலைக்கழக ஆய்வுக்கூடத்தில் வருடக்கணக்காக உட்கார்ந்து, பஞ்சு போன்ற ஒரு பொருளை உருவாக்கியிருந்தாள். காந்தம் இரும்பை மட்டும் பிடிப்பதுபோல, அது காற்றிலிருந்து அம்மோனியாவை மட்டும் பிடித்து வைத்துக்கொள்ளும். அதுவரை அதை யாரும் சீண்டியதில்லை.

"டெக்னிக்கலா வேண்டாம் டாக்டர்" என்றார் தயாபரன். "மந்திரிக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க. மார்கழியில மட்டும் ஏன் இப்படி?"

"குளிர்காலத்துல தரை சீக்கிரம் குளிர்ந்துடும் சார். மேல இருக்கிற காத்து வெதுவெதுப்பா, மூடி போட்ட மாதிரி நிக்கும். நாம விடுற புகை அதைத் தாண்டிப் போக முடியாம கீழேயே தேங்கிடும்."

"அது சரி. வெள்ளையா ஒண்ணு நிக்குதே, அது என்ன?"

"பாதி பனி. பாதி உப்பு."

"உப்பா?"

"வண்டிப் புகையும் மின் நிலையத்துப் புகையும் காத்துல அமிலமா மாறும் சார். அதுல பெரும்பங்கு வெறும் ஆவி, கண்ணுக்குத் தெரியாது. அம்மோனியா காரம். அமிலமும் காரமும் சேர்ந்தா உப்பு, பள்ளிக்கூடத்துல படிச்சிருப்பீங்க. அந்த உப்புத் தூள்தான் நெஞ்சுக்குள்ள போகுது. உங்க பலகையில ஏறுற எண்ணும் அதுதான்."

"அப்ப ரெண்டுல ஒண்ணை எடுத்துட்டா?"

"உப்பு ரொம்பக் குறைஞ்சிடும்."

"அமிலம் யார்கிட்ட இருந்து வருது?"

"கார், லாரி, பாய்லர், மின் நிலையம்."

"அம்மோனியா?"

"மாட்டுத் தொழுவம், சாக்கடை, குப்பைமேடு."

தயாபரன் அன்று முதல்முறையாகச் சிரித்தார். ஒரு பக்கம் கார் வைத்திருப்பவர்கள், லாரி வைத்திருப்பவர்கள், மின்சாரம் விற்பவர்கள். இன்னொரு பக்கம் எருமைகள். அவருக்குச் சொல்லியிருந்த காபி வருவதற்குள் முடிவு எடுக்கப்பட்டுவிட்டது.

"சார், ஒரு விஷயம்" என்றாள் ரோஸ்லின். "அம்மோனியாவை எடுத்தா அமிலம் போயிடாது. சேர்றதுக்கு ஆள் இல்லாம அது தனியா காத்துல நிக்கும். கார் புகையையும் கூடவே குறைச்சாகணும்."

"கண்டிப்பா. அது செகண்ட் ஃபேஸ்ல."

அரசாங்கத்தில் இரண்டாம் கட்டம் என்றால் என்ன அர்த்தம் என்று ரோஸ்லினுக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் கண்ணாடிக் குடுவைக்குள் கிடந்த தன் பஞ்சு ஊர் முழுக்க நிமிர்ந்து நிற்கப்போகிறது என்ற நினைப்பு அவள் வாயை அடைத்துவிட்டது. சம்மதித்தாள்.

முதலில் காலி செய்யப்பட்டது பால்காரத்தோட்டம். நகரம் வருவதற்கு முன்பே அங்கே எருமைகள் இருந்தன. பிறகு சுற்றிலும் அடுக்குமாடிகள் முளைத்தன. தொழுவத்துக்குப் பக்கத்தில் என்று தெரிந்தே மலிவு விலைக்கு வீடு வாங்கியவர்கள், குடிவந்த மறுவாரமே தொழுவம் நாறுகிறது என்று மனு எழுதத் தொடங்கினார்கள். இப்போது அந்த மனுக்களுக்கெல்லாம் விஞ்ஞானம் துணைக்கு வந்துவிட்டது.

ஐப்பசி மழை விட்டிருந்த ஒரு காலையில் லாரிகள் வந்தன. மாடுகள் போவதற்கு முந்தைய காற்றை அளக்க ரோஸ்லினும் கருவியோடு வந்திருந்தாள். தோட்டத்தில் பெரிய தொழுவம் சுகந்தியுடையது. நாற்பது தாண்டிய, குரல் கனத்த பெண். அவளுடைய பெயரைப் படித்துவிட்டு ஆணையத்து ஊழியர்கள் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவள் நேராக ரோஸ்லினிடம் வந்தாள்.

"நீதான் அந்த டாக்டரம்மாவா? இன்னா வியாதிக்கு டாக்டரு?"

"காத்துக்கும்மா."

"காத்துக்கு வியாதி என் மாட்டாலயா வந்துச்சு? அத்தோ ரோட்டைப் பாரு. வண்டி நிக்க எடமில்ல. அதுங்க வுடுறது இன்னா, சாம்பிராணிப் புகையா?"

"அதையும் குறைப்பாங்க. முதல்ல இது."

"முதல்ல நாங்கதான்" என்றாள் சுகந்தி. "எப்பவுமே முதல்ல நாங்கதான்."

மாடிகளிலிருந்து பலர் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பாதிப் பேர் அவளிடம் பால் வாங்கியவர்கள். "சுகந்தி, நாளைக்குப் பால் வராதா?" என்று ஒருத்தி மேலிருந்து கேட்டாள். சுகந்தி அண்ணாந்து அவளை ஒரு முறை பார்த்துவிட்டு, மாட்டை லாரியில் ஏற்றப் போனாள்.

அவள் போய்ச் சேர்ந்த இடம் கரையான்மேடு. நகரத்தின் வடக்கு ஓரம், குப்பைமேட்டுக்கும் அப்பால். நகரத்துக்கு வேண்டாதவர்களை எல்லாம் முன்பே அங்கே கொண்டுபோய்க் கொட்டி, சிமெண்ட் பெட்டிகளில் குடிவைத்திருந்தார்கள். காற்றுப் பலகை அங்கே கிடையாது. பலகை இல்லாத இடத்துக்கு ஆணையம் செலவழிப்பதில்லை.

நகரத்துக்குள் தெருவுக்குத் தெரு கம்பங்கள் எழுந்தன. தெருவிளக்கு உயரம், உச்சியில் தேன்கூடு போன்ற சாம்பல்நிறத் தலை, அதற்குள் ரோஸ்லினின் பஞ்சு. மூக்குக் கம்பம் என்று மக்கள் பெயர் வைத்தார்கள். கம்பம் முளைத்த தெருவில் சாக்கடை நாற்றமும் குறைந்தது. சாக்கடை அப்படியே ஓடியது.

அந்த மார்கழியில் சென்னைக்கு வானம் கிடைத்தது. விடிகாலையில் கோபுரங்கள் தெரிந்தன, கலங்கரை விளக்கம் தெரிந்தது. பலகைகள் பச்சையாக மின்னின. தயாபரன் வெளிநாடு போய் விருது வாங்கிவந்தார். வீட்டுமனை விளம்பரங்களில் 'நாறாத நகரம்' என்று போட்டார்கள். வானம் சுத்தமாகிவிட்டதால் குற்ற உணர்ச்சியும் சுத்தமாகிவிட்டது. ஆளுக்கு இன்னொரு கார் வாங்கினார்கள். இரண்டாம் கட்டத்துக்கு ஒரு குழு அமைக்கப்பட்டது. ஒரு தலைவரைத் தேர்ந்தெடுத்ததோடு அது ஓய்வெடுத்துக்கொண்டது.

ரோஸ்லினின் அப்பா பாக்கியநாதன் ஓய்வுபெற்ற தபால்துறைக்காரர். மனைவி போனபின் மகளோடு வந்து தங்கியிருந்தார். தினமும் விடிவதற்கு முன்பே பூங்காவுக்கு நடக்கப் போய்விடுவார். கூட நடக்கிறவர்களைப் பிடித்து நிறுத்தி, "மேல பாருங்க. எம் மவ கொண்டாந்த வானமாக்கும்" என்பார். ரோஸ்லினுக்கு வெட்கமாக இருக்கும். அதைவிடச் சந்தோஷமாக இருக்கும்.

அடுத்த குளிர்காலத்துக்குள் கம்பங்களை இன்னும் நெருக்கி நட்டார்கள். போகிக்கு மறுநாள் காலை பனி இறங்கியது. எப்போதும்போல் பால் வெள்ளையாக அல்ல, மெல்லிசாக, வலைத்துணி போல. பார்க்க அழகாகத்தான் இருந்தது. அதில் நடந்தவர்களுக்குக் கண்ணில் மிளகாய்ப்பொடி விழுந்ததுபோல் எரிந்தது. பொங்கல் கோலத்தின் நடுவில் வைத்த பூசணிப்பூ சுருங்கி, ஓரம் பழுப்பேறிக் கிடந்தது. புதுக் கார்களின் மேல் பொட்டுப் பொட்டாக மெருகு போயிருந்தது. அன்று நகரத்தில் எழுந்த முதல் கூக்குரல் கார்களுக்காகத்தான்.

பூங்காவில் பாக்கியநாதன் ஒரு சுற்று முடிப்பதற்குள் மார்பைப் பிடித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்துவிட்டார். ரோஸ்லின் ஓடிப்போய் அவரை மருத்துவமனைக்குக் கொண்டு சேர்த்தபோது, அங்கே வராந்தா வரைக்கும் ஆட்கள். எல்லாம் காலை நடைக்காரர்கள், பள்ளி வேனுக்கு நின்ற குழந்தைகள், துப்புரவுப் பணியாளர்கள். ஏதோ புதுக் கிருமி என்று மருத்துவர்கள் பேசிக்கொண்டார்கள். சுவரில் இருந்த தொலைக்காட்சி, சென்னையில் இன்று காற்று மிகத் தூய்மை என்றது.

அப்பா மூச்சுக் கவசத்தை விலக்கிவிட்டு, ஊர் வழக்கத்தில் மகளை 'மக்களே' என்று கூப்பிட்டுப் பேசினார்.

"வானம் நல்லாத்தான் இருக்கு மக்களே. தொண்டைதான் வெந்துபோச்சு."

"பேசாதீங்கப்பா."

"உன்ன ஒண்ணும் சொல்லமாட்டாங்கல்லா?"

அதுதான் அவருடைய கவலை. மறுநாள் மாலை அவர் இறந்தார்.

ரோஸ்லின் அழுது முடிப்பதற்கு முன்பே மொட்டைமாடியில் கண்ணாடித் தகடுகளை நிறுத்தி வைத்தாள். விடிகாலையில் அவற்றின் மேல் வழிந்த பனிநீரைச் சேர்த்துச் சோதித்தாள். சோதனைத்தாள் ரத்தச் சிவப்பானது. எலுமிச்சைச் சாற்றின் புளிப்பு. நகரத்தின் மேல் அமிலம் எப்போதும் இருந்தது. இத்தனை வருடமும் மாட்டுக்கொட்டகையும் சாக்கடையும் அதைப் பிடித்து உப்பாக்கி, பாதிக் கொடுமையைக் குறைத்துக்கொண்டிருந்தன. அந்தக் காவலை அவள் பிடுங்கிவிட்டாள். தனித்துவிடப்பட்ட அமிலம் பனித்துளிகளில் கரைந்து, மனிதர்களின் தொண்டைக்குள் போய்க்கொண்டிருந்தது.

தயாபரனிடம் போனாள். அவர் கைக்குட்டையில் இருமிக்கொண்டிருந்தார்.

"பலகை பச்சையா இருக்கு டாக்டர்."

"பலகை தூளைத்தான் அளக்குது சார். இது ஆவி, துளி. உங்க பலகைக்கு இது தெரியவே தெரியாது. கம்பங்களை எடுத்திடுங்க."

"தெரியாதுன்னா நல்லதுதானே?"

"எங்க அப்பா செத்துட்டாரு சார்."

"கேள்விப்பட்டேன். ரொம்ப வருத்தம். வயசும் ஆச்சு இல்ல?" மேசையில் விருதுக் கேடயத்தை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டுத் தொடர்ந்தார். "கம்பத்தைப் பிடுங்கச் சொல்றீங்க. விருது வாங்கின கம்பத்தை எப்படிப் பிடுங்கறது? பல தேசத்துல இருந்து வந்து பார்த்துட்டுப் போறாங்க."

"அப்ப கார்களை நிறுத்துங்க. கொஞ்ச நாளைக்காவது."

அவர் அவளைப் பார்த்த பார்வையில் கோபம்கூட இல்லை. வெயிலை நிறுத்தச் சொன்ன ஆளைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

ரோஸ்லின் தன் தெருவில் இருந்த கம்பங்களுக்குத் தானே ஏணி வைத்து ஏறித் தார்ப்பாய் சுற்றிக் கட்டினாள். அதற்குப் பலனும் இருந்தது. ஆனால் கூடவே சாக்கடை நாற்றம் திரும்பி வந்தது. குடியிருப்போர் சங்கம் போலீசுக்குப் போனது. எரிகிற கண்களைத் துடைத்துக்கொண்டே, மூக்கைப் பொத்தியபடி புகாரில் கையெழுத்துப் போட்டார்கள். தார்ப்பாய் அவிழ்க்கப்பட்டது. ரோஸ்லினின் வேலையும் போனது.

வேறெங்கும் போக்கிடம் இல்லாதவளாக, கருவியைத் தூக்கிக்கொண்டு பேருந்தில் ஏறி வடக்கே அளந்துகொண்டு போனாள். நிறுத்தத்துக்கு நிறுத்தம் புளிப்பு குறைந்தது. கடைசி நிறுத்தமான கரையான்மேட்டில் பனி கனமாக, அழுக்கு வெள்ளையாக நின்றது. நாற்றம் முகத்தில் அறைந்தது. ஆனால் கண் எரியவில்லை. பிள்ளைகள் சட்டையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தார்கள்.

சுகந்தி சாணி அள்ளிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்து அடையாளம் கண்டுகொண்டாள்.

"இன்னா டாக்டரம்மா, இங்கிருந்தும் தொரத்த வந்துட்டியா?"

"இல்லம்மா. இங்க யாருக்காவது கண் எரியுதா? தொண்டை எரியுதா?"

"நாறுது. இருமல் எப்பவும்போலக் கீது. எரியல. ஏன்?"

ரோஸ்லின் அந்த ஈரத் தரையிலேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அப்பாவையும் சொன்னாள். இங்கே நிற்கும் உப்புத்தூளும் கெடுதல்தான், அமிலம் அதைவிடக் கெடுதல் என்பதையும் மறைக்கவில்லை. சுகந்தி வேலையை நிறுத்தாமல் கேட்டுக்கொண்டே இருந்தாள். கடைசியில் கூடையைக் கீழே வைத்தாள்.

"அப்போ என் மாட்டு மூத்திரந்தான் இத்தினி நாளும் உங்க ஊரைக் காப்பாத்திட்டு இருந்துச்சுன்ற."

"அதுவும் ஒரு காரணம்."

சுகந்தி சிரித்தாள். கண்ணில் நீர் வரும்வரை சிரித்துவிட்டு, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "உன் அப்பனுக்காக வருத்தப்படுறேன்" என்றாள். "மத்தவனுங்களுக்காக வருத்தம் வரல. வந்தா பொய்." பிறகு உள்ளே போய் ஒரு சொம்பில் பால் கொண்டுவந்து கொடுத்தாள்.

ரோஸ்லின் தன் அளவீடுகளைப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தாள். மின் நிலையத்தையும் வாகனங்களையும் பற்றி அவள் எழுதிய பகுதியை அவர்கள் கத்தரித்துவிட்டு, மிச்சத்தைப் போட்டார்கள்: எருமைத் தொழுவத்தின் அருகில் பனி எரிவதில்லை. நகரம் தனக்கு வேண்டியதைப் புரிந்துகொண்டது.

அடுத்த வாரமே கரையான்மேட்டுக்குக் கார்கள் வரத் தொடங்கின. விடிகாலையில் வந்து, தொழுவத்து வேலியைப் பிடித்துக்கொண்டு, முகத்தைச் சுளித்து மூச்சை இழுத்தார்கள். பத்மாசனம் போட்டுக்கூடச் சிலர் உட்கார்ந்தார்கள். பால்காரத்தோட்டத்து மாடியிலிருந்து பால் கேட்டவளும் வந்தாள். "எங்க சுகந்திதான்" என்று பக்கத்திலிருந்தவளிடம் உரிமையோடு சொன்னாள்.

நல்ல காற்று இருக்கும் இடத்தில் ஏழைகள் இருப்பது அந்த நகரத்துக்கு ஒருநாளும் பொறுத்ததில்லை. கோடை முடிவதற்குள் கரையான்மேடு அரசு நிலம் என்பது திடீரென நினைவுக்கு வந்தது. குடிசைகள் போயின, சிமெண்ட் பெட்டிகள் போயின. 'சுவாச வனம்' என்ற பெயரில் வில்லாக்கள் எழுந்தன. எருமைகள் மட்டும் இருக்கலாம் என்றார்கள். சுகந்தியையும் சீருடை போட்டுக்கொண்டு அங்கேயே வேலைக்கு இருக்கச் சொன்னார்கள்.

"மாட்ட வெச்சிக்குவானாம், மாட்டுக்காரிய வேலைக்கு வெச்சிக்குவானாம்" என்றாள் சுகந்தி ரோஸ்லினிடம். அவள் மாடுகளை அவிழ்த்துக்கொண்டு ஆற்றைத் தாண்டி, ஒரு பழைய செங்கல் சூளை மைதானத்துக்குப் போனாள். காலி செய்யப்பட்டவர்களில் பலர் அவள் பின்னாலேயே போனார்கள். ரோஸ்லினும் போனாள். அங்கே சூளையின் கணக்குப்பிள்ளை அறையில் தங்கி, தினமும் பனியை அளந்தாள். சாயங்காலங்களில் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்னாள்.

சுவாச வனத்துக்காரர்கள் வேறு எருமைகளை வாங்கிக் கட்டினார்கள். நாற்றம் தாங்கவில்லை என்று குடிவந்தவர்கள் புகார் செய்தார்கள். தரைக்கு ஓடு பதித்து, மூன்று வேளையும் பினாயில் ஊற்றி அலசி, எருமைகளை ஷாம்பு போட்டுக் குளிப்பாட்டினார்கள். ஊறிய மண்ணிலிருந்துதான் அம்மோனியா எழும்; வழவழப்பான ஓட்டிலிருந்து எலுமிச்சை வாசனைதான் எழுந்தது. மார்கழி வந்தது. சுவாச வனத்திலும் கண் எரிந்தது.

தை பிறக்க இன்னும் சில நாட்கள் இருந்த ஒரு விடியலில், ஆற்றுப் பாலத்தின் மேல் விளக்குகள் தெரிந்தன. பாலத்தின் அந்தக் கோடியிலிருந்து சூளை மைதானம் வரை வரிசையாகக் கார்கள். தொழுவத்தைச் சுற்றி நெருக்கியடித்துக்கொண்டு வந்து நின்றன. எல்லா இஞ்சின்களும் உறுமின. கண்ணாடிகளுக்குப் பின்னால் இருமல்கள் அசைவது மட்டும் தெரிந்தது.

சூளையில் குடியேறியிருந்தவர்கள் தடிகளோடு எழுந்து வந்துவிட்டார்கள். சுகந்தி அவர்களைக் கையமர்த்தினாள். ஒவ்வொரு கார்க் கண்ணாடியாக உற்றுப் பார்த்தாள்.

"புள்ளைங்க இருக்குதாடி உள்ள?" என்று ரோஸ்லினிடம் கேட்டாள்.

"நிறைய இருக்கும்மா."

"சரி, வரட்டும். எறங்கி வந்து கொட்டாயில குந்தட்டும். ஆனா இந்தக் கருமத்த எல்லாம் ஆஃப் பண்ணச் சொல்லு மொதல்ல."

"ஆமா. இத்தனை வண்டி இங்க நின்னு உறுமினா, ரெண்டு நாள்ல இங்கயும் எரியும்."

ரோஸ்லின் முதல் காரின் கண்ணாடியைத் தட்டினாள். அது மெல்ல ஒரு விரற்கடை இறங்கியது. உள்ளே தயாபரன். தலை நரைத்து, கன்னம் ஒட்டியிருந்தது. மடியில் பேத்தி, ஒரு பொம்மையைக் கட்டிக்கொண்டு விசில்போல மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். அவர் ரோஸ்லினை அடையாளம் கண்டதும் கைகூப்பினார். அந்தக் கைகூப்பல் நிஜமானது.

"டாக்டர், குழந்தைக்கு முடியல. எப்படியாவது..."

"குழந்தையைக் கொட்டகைக்குத் தூக்கிட்டு வாங்க சார். சுகந்தியம்மா வரச் சொல்றாங்க. இஞ்சினை மட்டும் அணைச்சிடுங்க. எல்லாரையும் அணைக்கச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

தயாபரன் பின்னால் நீண்ட வரிசையைப் பார்த்தார். தொழுவத்தையும், அதன் வாசலில் சாணிக் கையோடு காத்து நின்ற சுகந்தியையும் பார்த்தார். குழந்தையின் முதுகைத் தடவியபடி, உண்மையாகவே குழம்பிப்போனவராகக் கேட்டார்:

"அணைச்சா ஏசி நின்னுடுமே?"

கண்ணாடி மேலேறியது.